லொம்பார்டுக் காசும் லோகாவின் பொன்னுருக்கும்

இப்போதெல்லாம் நாணயத்தைக் கையால் தொடவே தேவையில்லையாம். இரண்டு பக்கமும் படம் பிடித்து அனுப்பினால் போதும், ஊற்றிய தேத்தண்ணி ஆறுவதற்குள் எந்த நாடு, எந்தக் காலம், அசலா போலியா என்று இயந்திரம் சொல்லிவிடுமாம். நான் வேலை பார்த்த சிட்னி நாணய ஏல நிறுவனத்திலிருந்து பழைய சிநேகிதி ஒருத்தி போன மாதம் தொலைபேசியில் சொன்னாள். மேசையும் தராசும் வைத்து ஆட்களை உட்கார்த்திக் காசு பார்க்கிற அந்தச் சின்ன அறையை மூடுகிறார்கள். கதிரைகளைக் கொடுத்துவிடப் போகிறோம், உனக்கு ஒன்று வேண்டுமா என்று கேட்டாள். வீட்டில் இருக்கிற கதிரைகளில் உட்காரவே ஆள் இல்லை என்றேன். ஆனால் போனை வைத்த பிறகு மனம் அந்த அறையை விட்டு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் என்ன வேலை செய்தேன் என்பது எங்கள் சனத்துக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் யாராவது கேட்பார்கள். பழைய காசு பார்க்கிற வேலை என்பேன். "அடகுக் கடையோ?" என்பார்கள். இல்லை, ஏலத்துக்கு வருகிற காசுகளை ஆராய்ந்து விவரக்குறிப்பு எழுதுகிற வேலை என்று விளக்குவேன். "ஓ, பாங்க்கோ?" என்பார்கள். பிறகு விட்டுவிட்டேன். ஒருவர் மட்டும் நான் கள்ளக் காசு பிடிக்கிற பொலிஸ் என்று நம்பி, பல வருடம் என்னிடம் தனி மரியாதையோடு நடந்துகொண்டார். அதையும் திருத்தவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வரலாற்றுப் பட்டத்தோடு வந்து இறங்கியவளுக்கு இங்கே கிடைத்த முதல் வேலை, காசு உறைகளில் ஒட்டும் சீட்டுகளைத் தட்டச்சு செய்வது. தட்டச்சு செய்ததை வாசித்தேன். வாசித்ததில் விளங்காததைக் கேட்டேன். கேட்கக் கேட்கச் சொல்லித் தர ஒருவர் இருந்தார். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

அந்த ஒருவர் டெனிஸ், எங்கள் பிரிவின் தலைவர். ஆறடிக்கு மேல் உயரம், கோடையிலும் கம்பளிச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் பெப்பர்மிண்ட். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு காசு அசல் என்று அவர் நேராகச் சொன்னதும் இல்லை. நல்ல காசானால், "இதோடு எனக்குச் சண்டை இல்லை" என்பார். போலியானால், "இதை நான் வீட்டுக்குக் கூட்டிப் போகமாட்டேன்" என்பார். இந்த இரண்டு வசனங்களை வைத்தே அவர் வாழ்நாளை ஓட்டினார் என்று நான் கேலி செய்வதுண்டு.

காசு பார்க்க அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் விளிம்பு. பிறகு எடை. பிறகு பின்பக்கம். முகம் கடைசி. பச்சைக் கம்பளித் துணி விரித்த தட்டில் காசைக் குப்புற வைத்துத்தான் எங்களிடம் தருவார். அரசனின் முகத்தைப் பார்த்துவிட்டால் கண் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும் என்பது அவர் வாதம். கள்ளக் காசு செய்பவனும் முகத்தில்தான் பாடுபடுகிறான், விளிம்பில் களைத்துப்போகிறான். ஆகவே விளிம்பிலிருந்து தொடங்கு. பெண் பார்க்கப் போகிற எங்கள் ஆட்களுக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தியதும் தோள் குலுங்கச் சிரித்தார்.

இன்னொரு விதியும் இருந்தது. காசைக் கொண்டு வந்தவரிடம் பார்த்தது முழுவதையும் சொல்லவேண்டும். அவர் கேட்காததையும் சொல்லவேண்டும். ஆறுதலுக்காக எதையும் குறைக்கக்கூடாது. தகப்பன் வைத்திருந்த ரோமானியப் பொற்காசு என்று ஒரு பெண் ஆசையாகக் கொண்டுவந்ததை, பித்தளையில் வார்த்த பொம்மை என்று டெனிஸ் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். அவள் அழுதாள். அவர் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, அவள் தகப்பனைப் பற்றி ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பித்தளையைப் பொன் என்று சொல்லவில்லை.

லொம்பார்டுக் காசை நான் முதலில் பார்த்தது அவருடைய தட்டில்தான். தாமரை இதழ் மாதிரி மெல்லிய, வெளிறிய பொற்காசு. பின்பக்கத்தில் ஒரு வண்டு நிற்பதுபோல் இருந்தது. திருப்பினால் முகம் போல ஏதோ ஒன்று, சுற்றிவரக் குச்சி குச்சியாக எழுத்துகள். லத்தீன் எனக்கு அப்போது கொஞ்சம் வாசிக்க வரும். இதை வாசிக்க முடியவில்லை. போலி என்று சொல்லிவிட்டேன். டெனிஸ் பெப்பர்மிண்டை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார்.

"அவசரப்படாதே ரஞ்சி. இதைச் செய்தவனுக்கும் வாசிக்கத் தெரியாது," என்றார்.

பிறகு சொன்னார். லொம்பார்டுகள் என்பவர்கள் வடக்கேயிருந்து மலை தாண்டி, வண்டி மாடு பெண்டு பிள்ளைகளோடு இத்தாலிக்குள் வந்து இறங்கிய ஒரு சனம். ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதி. நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டார்கள், அரசனும் இருந்தான். ஆனால் பொற்காசு அடிக்கும்போது தங்கள் அரசனின் பெயரைப் போடவில்லை. கொன்ஸ்டாண்டினோப்பிளில் இருந்த, தங்களுக்கு எதிரியான பேரரசனின் முகத்தையும் பெயரையுமே போட்டார்கள். சந்தையில் அந்த முகத்தைத்தான் சனம் நம்பியது. அந்தப் பேரரசனை அவனுடைய படையே கொன்று வெகுகாலமான பிறகும் அவன் பெயரிலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று என்று பிரதி செய்ததில் எழுத்துகள் குச்சிகளாகிவிட்டன, சிறகு விரித்த வெற்றித் தேவதை வண்டாகிவிட்டாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து 'ஞ' போடுவதை நினைத்துக்கொண்டேன். அதுவும் ஏறத்தாழ வண்டுதான்.

அன்றைக்கே எனக்கு அந்தச் சனத்தைப் பிடித்துப்போய்விட்டது. வெற்றிகளுக்காக அல்ல. வந்து இறங்கிய இடத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதத் துணிவதற்கு அவர்களுக்கு நூறு வருடம் போல எடுத்திருக்கிறது. நானும் அப்போது இந்த நாட்டுக்கு வந்து அதிக காலமாகவில்லை. 'ரஞ்சினிதேவி' என்று எழுத வெட்கப்பட்டு 'ரஞ்சி' என்று சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவள். டெனிஸிடம் அந்தக் காலத்துக் காசுகளை எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். ஓய்வு பெறும்வரை லொம்பார்டுகள் என் பொறுப்பில்தான் இருந்தார்கள்.

இனி லோகாவிடம் வருகிறேன். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன் நடந்தது.

லோகேஸ்வரியைக் கோயில் மடைப்பள்ளியில் மரக்கறி வெட்டுகிறவளாக முகம் தெரியும். போரின் கடைசியில் கணவன் காணாமல் போய், மகன் கஜனோடு படகில் வந்தவள். தற்காலிக விசாவில் வருடக்கணக்காக இருந்தாள். முதியவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கிற வேலை. ஒரு சனிக்கிழமை பூசை முடிந்து நான் தோசையோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அக்கா, நீங்கள் பழைய காசு பாக்கிறனீங்களாம், உண்மையோ?"

"ஓம். ஏன்?"

கைப்பையிலிருந்து மெல்லிய காகிதச் சுருள் ஒன்றை எடுத்து விரித்தாள். தோசையைத் தின்ற கையால் நான் தொடவில்லை. தொடாமலே குனிந்து பார்த்தேன். அந்த வெளிறிய நிறம், அந்த மெல்லிசு. வண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது எங்கால உங்களுக்கு?"

"பினா அன்ரி தந்தவ," என்றாள்.

பினா அவள் பல வருடம் பராமரித்த இத்தாலியக் கிழவி. பிள்ளைகள் இல்லை, கூடப்பிறந்தவரின் மகளான பெறாமகள் ஒருத்திதான். வட இத்தாலியில் பிரியூலி என்ற பகுதியிலிருந்து சின்ன வயதில் தாயோடு சிட்னி வந்தவர். தாயின் குடும்பம் தோட்டம் கொத்தும்போது எடுத்த காசாம், தாயின் பாவாடை மடிப்பில் தைத்துக் கப்பல் ஏறி வந்ததாம். சாவதற்கு முன் அந்தப் பெறாமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லோகாவின் கையில் கொடுத்து, உன் மகனுக்கு வருகிறவளின் கழுத்துக்கு என்றாராம்.

கஜனுக்கு இப்போது கல்யாணம். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு உண்டு. நல்ல நாளில், மாப்பிள்ளை வீட்டில், சொந்தபந்தம் கூடியிருக்க ஒரு பொற்காசை உருக்குவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி செய்யவேண்டும். லோகா இந்தக் காசை உருக்குவதென்று தீர்மானித்து, பிளாக்டவுனில் நகைக்கடை வைத்திருக்கிற செல்வராஜிடம் கொண்டுபோயிருக்கிறாள். அவர் கோயம்புத்தூர்க்காரர். ஊரில் தட்டாரைக் கூப்பிடுவதுபோல் எங்கள் சனம் அவரையும் பத்தர் என்று கூப்பிடும், அவரும் பழகிக்கொண்டார். அவர் காசின் விளிம்பை உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டு, "இது தாலிக்கு ஆகாதுங்கம்மா, மாத்துக் குறைவு" என்று திருப்பித் தந்துவிட்டார்.

"மெல்பேர்ன்ல இருக்கிற மச்சாள் ரெலிபோன்ல சிரிக்கிறா அக்கா. கிழவி உன்னை நல்லாப் பேய்க்காட்டிப் போட்டுது எண்டு." லோகா காகிதத்தை மடித்தாள், திரும்ப விரித்தாள். "வாற வெள்ளி பொன்னுருக்கு. வேற பவுண் காசு ஒண்டு வாங்கிறது பெரிய வேலையில்லை. அது பிரச்சினையில்லை."

"பின்னை என்ன பிரச்சினை?"

"நான் அவவுக்குக் குளிக்க வாக்கிறது, சோறு தீத்துறது, எல்லாம் செய்தனான். சம்பளத்துக்குச் செய்த வேலைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அவ என்னைப் பிள்ளை எண்டுதான் கூப்பிட்டவ. சாகேக்க பொய்க் காசைத் தந்து என்னைப் பேய்க்காட்டினவவோ எண்டு நினைக்க நினைக்க நித்திரை வருகுதில்லை. எனக்கு விலை வேண்டாம் அக்கா. அவ நல்ல மனத்தோட தந்தவவோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ."

கோயில் மண்டபத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்கிற வழக்கம் எனக்கில்லை. வேலை இல்லாத நாளில் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வந்தாள், கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் சேலை உடுத்தி.

அவளை வரவேற்பு அறையில் இருத்திவிட்டு உள்ளே டெனிஸும் நானும் உட்கார்ந்தோம். காசைக் குப்புறத் தட்டில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளிம்புக்குக் குனிந்தார். உடனே நிமிர்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

"யார்?"

"ஒரு பொற்கொல்லர். உரைகல்."

விளிம்பில் ஒரு இடத்தில் புதிதாக உரசிய கீறல் பளிச்சென்று தெரிந்தது. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த பொன்னில் மேல் தோலிலிருந்து வெள்ளியும் செம்பும் கரைந்துபோய், மேலே மட்டும் நல்ல மஞ்சளாக இருக்கும். கீறினால் உள்ளே வெளிறல் தெரியும். டெனிஸ் கீறலை நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல கொல்லர். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கலப்புப் பொன்," என்றார்.

லொம்பார்டுகளின் பொன் அப்படித்தான். நாள் போகப் போகப் பொன் கிடைப்பது அருமையாகி, வெள்ளியைக் கூட்டிக் கூட்டி அடித்தார்கள். கலப்பு இல்லாதிருந்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். எடை போட்டோம். பேரரசின் பெரிய பொற்காசில் மூன்றிலொரு பங்கான திரெமிசிஸ் என்ற வகைக்குப் பொருந்திய எடை. பின்பக்கம் வண்டு, நான் அறிந்த வண்டுகளின் தங்கைதான். கடைசியில் திருப்பினோம். கொத்திய மூக்கும் புள்ளிக் கண்ணுமாகப் பேரரசர், சுற்றிவரக் குச்சிகள். டெனிஸ் பெப்பர்மிண்டைக் கடித்தார்.

"இதோடு எனக்குச் சண்டை இல்லை."

எனக்கு அந்த நிமிடமே எழுந்து லோகாவிடம் ஓடவேண்டும் போலிருந்தது. அவர் கையைக் காட்டி இருத்தினார். "விளிம்பை நீ இன்னும் பார்க்கவில்லை. பேரரசரின் தலைக்கு மேலே."

பார்த்தேன். பழைய பற்றவைப்பின் தழும்பு, தேய்ந்து மழுங்கியிருந்தது. ஒரு காலத்தில் அங்கே வளையம் இருந்திருக்கிறது. தழும்பின் பள்ளத்தில், வளையத்தின் அச்சு பதிந்தபடி, கல்லாக இறுகிய செம்மண். வளையம் மண்ணுக்குள் போகும்போதும் காசோடு இருந்து, பிறகுதான் விழுந்திருக்கிறது. லொம்பார்டுப் பெண்கள் பொற்காசில் வளையம் வைத்துக் கழுத்தில் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட காசுகள் பெரும்பாலும் எங்கிருந்து கிடைக்கின்றன என்பதும் தெரியும். பிரியூலியில் அவர்களுடைய இடுகாடுகள் நிறைய.

"ஒரு பெண்ணோடு புதைத்திருக்கிறார்கள்," என்றார் டெனிஸ். "நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படித்தான் தெரிகிறது. போய்ச் சொல்."

நான் எழும்பவில்லை. எங்கள் தொழிலில் அந்தத் தழும்பு ஒரு குறை, வளையம் வைத்த காசு கெட்ட காசு என்போம். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஏற்றுமதி அனுமதித் தாள் எதுவும் இல்லாமல் இத்தாலியிலிருந்து வந்த காசு, எப்படியும் எங்கள் ஏலத்தில் போடமுடியாது. எனக்குப் பயம் வேறு. செத்தவளின் கழுத்தில் கிடந்த பொன் என்று தெரிந்தால் எங்கள் சனம் அதைக் கல்யாண வீட்டு வாசலுக்குள் விடுமா? விட்டாலும் ஒரே வழிதான். நெருப்பில் போட்டால் பொன்னுக்குத் தீட்டு இல்லை. மாத்துக் குறைந்தால் நல்ல பொன் கூட்டி உருக்கலாம். அவ்வளவு நூற்றாண்டு தப்பிப் பிழைத்த காசு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு துளியாகப் போய்விடும்.

டெனிஸிடம் இதைச் சொன்னேன். கல்லறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்ன, அவள் கேட்டது கிழவியின் மனத்தைப் பற்றித்தானே என்றேன். வாதாடினேன் என்றே சொல்லவேண்டும்.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கும் அந்தக் காசு பிழைக்கவேண்டும்.

"அந்தப் பெண் உருக்கினால் நான் அழுவேன், ரஞ்சி. ஆனால் அது அவருடைய காசு. பாதியை மறைத்துவிட்டு அவரை முடிவெடுக்கச் சொன்னால் அது நாம் எடுத்த முடிவு."

எனக்குக் கோபம் வந்தது. வெள்ளைக்காரனுக்கு இது லேசு, கல்யாண வீட்டு வாயை அடைப்பது யார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே லோகாவை உள்ளே கூப்பிட்டேன்.

பினா அன்ரி ஏமாற்றவில்லை, தன்னிடம் இருந்ததிலேயே பெரியதைத்தான் தந்திருக்கிறார் என்று முதலில் சொன்னேன். பொன் வெளிறியிருப்பது அடித்தவர்களின் ஏழ்மை, கிழவியின் கள்ளம் அல்ல என்றேன். லோகா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் அவவைச் சந்தேகப்பட்டிட்டன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தோடு நிறுத்தலாம் என்று ஒரு கணம் டெனிஸைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒண்டு இருக்கு லோகா," என்றேன். பூதக்கண்ணாடியைக் கொடுத்துத் தழும்பைக் காட்டினேன். வளையம், செம்மண், இடுகாடு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் அவள் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை, குனிந்தபடியே இருந்தாள்.

"அப்ப இது அவவின்ர கழுத்தில கிடந்தது."

"ஓம்."

"ஆர் கழட்டினது?"

கேள்வி விளங்காமல் நான் முழித்தேன். "என்ன?"

"அந்தப் பெட்டையின்ர கழுத்தில இருந்து இதை ஆர் கழட்டினது எண்டு கேக்கிறன்."

"ஒருத்தரும் கழட்டேல்லை. அதோடயேதான் அவவைத் தாட்டவை. பிறகு மண்ணுக்குள்ளதான் கிடந்தது."

லோகா நிமிர்ந்தாள். நான் பயந்த அருவருப்பு அவள் முகத்தில் இல்லை.

"இவரைக் கொண்டுபோனாப் பிறகு சனம் எனக்குத் தாலியைக் கழட்டு கழட்டு எண்டு சொன்னது அக்கா. ஆள் இருக்கிறாரோ இல்லையோ தெரியாமல் நான் ஏன் கழட்ட? முகாமிலயும் கழட்டேல்லை. கடைசியில படகுக்குக் குடுக்க வேற ஒண்டும் இல்லை. என்ர கையாலதான் கழட்டினது." இதைச் சாதாரணக் குரலில்தான் சொன்னாள். பிறகு காசைக் காட்டினாள். "இவ போட்டதோடயே போயிருக்கிறா. அது குடுத்து வைச்ச கழுத்து. இதைப் போய் ஆரும் உருக்குவினமோ?"

இத்தனை வருடம் அந்தத் தழும்பை 'குறை' என்ற பகுதியில்தான் எழுதி வந்திருக்கிறேன். சுமங்கலியாய்ப் போனவளின் நகை என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கல்யாணமானவளோ, கணவனுக்கு முன் போனாளோ பின் போனாளோ, அதை எந்த வரலாற்றாசிரியராலும் சொல்லமுடியாது. அதையும் சொல்வதுதான் விதி என்று சொல்லியும் வைத்தேன். லோகா தலையை ஆட்டினாள்.

"அது எங்களுக்கு ஏன் அக்கா? ஒருத்தரும் அவவின்ர கழுத்தில கை வைக்கேல்லை. எனக்கு அதுவே காணும்."

டெனிஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் எழுந்து தேத்தண்ணி போடப் போனார். திரும்பி வர அதிக நேரம் எடுத்தது.

வெள்ளிக்கிழமை பொன்னுருக்குக்கு நானும் போனேன். உள்ளே புகை எழுந்தால் எச்சரிக்கை மணி அலறும் என்பதால் கராஜில், கதவைத் தூக்கிவிட்டு நடத்தினார்கள். கும்பம், குத்துவிளக்கு, பின்னால் சலவை இயந்திரம். செல்வராஜ் கடையில் வாங்கிய பவுண் காசு ஒன்றைக் கஜன் எடுத்துக் கொடுக்க, அவர் அதை மூசையில் இட்டு உருக்கினார். பொன் துளி திரண்டதும் வெற்றிலைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டினார்கள். எங்கள் தாலிக்கொடியில் தாலிக்கு இரண்டு பக்கமும் காசு கோர்ப்பது வழக்கம். ஒரு பக்கத்துக்குப் பவுண், மறுபக்கத்துக்குப் பினாவின் காசு என்று லோகா சொல்லிவிட்டாள்.

அந்தக் காசுக்கு நெருப்புக் காட்டாமல், பற்றவைக்காமல் கோர்க்கவேண்டும் என்று டெனிஸ் படம் கீறி அனுப்பியிருந்தார். நான் அதைக் கொடுத்ததும் செல்வராஜ் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார்.

"சுத்தி ஒரு சட்டம் கட்டி, நகம் மாதிரி நாலு இடத்துல புடிச்சா போதும் மேடம். காசுக்கு வலிக்காது. அன்னிக்கு நாந்தான் தெரியாம உரசிப்புட்டேன்."

"நீங்கள் சரியாத்தான் சொன்னீங்களாம். எங்கட டெனிஸ் ஐயா சொன்னவர்," என்றேன். மனிதர் காது வரை சிரித்தார்.

கல்யாணத்துக்கு டெனிஸையும் கூப்பிட்டார்கள். நீலக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக முன்வரிசையில் இருந்தார். மெல்பேர்ன் மச்சாளும் வந்திருந்தார், கிழவியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழ வந்தபோது டெனிஸ் பதறி எழுந்துவிட்டார். பெண் நிமிர்கையில் கொடி முன்னால் ஆடியது. வெளிறிய அந்தக் காசு, பக்கத்துப் பவுணின் மஞ்சளுக்கு முன்னால் இன்னும் வெளிறித் தெரிந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, அப்போதும் விளிம்பைத்தான் பார்த்தார்.

பிறகு தொழில் அவரை விடவில்லை. சவர்க்காரமும் வியர்வையும் அந்தப் பொன்னுக்கு ஆகாது, குளிக்கும்போதும் தூங்கும்போதும் எப்போது கழற்றி வைப்பார்கள் என்று என்னிடம் கேட்டார்.

நான் லோகாவைப் பார்த்துத் தமிழில் கேட்டேன். அவள் மருமகளின் கொடியைச் சேலைக்குள் சரிசெய்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"கழட்டுறேல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா."

இந்த நாட்டில் தாலிக்கொடியை வங்கிப் பெட்டகத்தில் வைப்பவர்கள்தான் அதிகம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மருமகள் ஆஸ்பத்திரியில் வேலை, அங்கே கொடியோடு நிற்கவிடமாட்டார்கள். அதையெல்லாம் நான் சேர்க்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். டெனிஸ் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு, மீண்டும் கதிரையில் உட்கார்ந்தார்.